நீ மூட்டாத நெருப்பு

மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து போன பிறகு இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். என் எல்லிங்ஸ்ருட்டில் இருந்து உன் ஸ்டோவ்னர் ஒன்றும் உலகத்தின் மறுகரை இல்லை, பஸ் பிடித்து வந்து உன் வாசலில் நின்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரே நின்று சொன்னால் நீ பாதியிலேயே "பரவாயில்லை அப்பா" என்பாய், நானும் அதுதான் சாட்டென்று அதோடு நிறுத்திவிடுவேன். உன்னையும் தெரியும், என்னையும் தெரியும். அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை காலையில் உன் வேலையிடத்துக்கு மறுமொழி எழுத வேண்டும் என்றாய். அதற்கு முதல் இது உன் கையில் இருக்க வேண்டும். தபாலை நம்பவில்லை, சனிக்கிழமை நானே கொண்டுவந்து உன் தபால் பெட்டிக்குள் போடுவேன். மணி அடிக்க மாட்டேன்.

நீ சொன்னதை முதலில் உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். சாப்பிட்டு முடித்து, என் மீன்குழம்பில் உப்பு இல்லை என்று பகிடி பண்ணிவிட்டு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாய். உன் பார்னஹாகெயில், நீ படிப்பிக்கிற அந்தப் பாலர் பள்ளியில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு காட்டுக்குழு இருக்கிறது, மழையோ பனியோ நாள் முழுக்க அவர்களுக்குக் காடுதான், ஓகஸ்டில் இருந்து அதற்குப் பொறுப்பாக இருக்கச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை வரத் தொடங்கியது. அது முழுதாக வந்து சேருவதற்குள் நீ சொன்னாய்.

"வேண்டாமெண்டு எழுதப் போறன், அப்பா."

"ஏன் பிள்ளை? உனக்குக் காடு எண்டால் உசிரெல்லோ."

"அங்கை குளிருக்கை நெருப்பு மூட்டோணும். பிள்ளையளுக்கும் பழக்கோணும். என்னாலை ஏலாது. பத்து வயசிலை காடு கொளுத்தினவள் நான். பதினாறு பிள்ளையளை என்னை நம்பி எப்பிடி விடுறது? இப்பவும் அந்தத் தீப்பெட்டி கையிலை இருந்தது ஞாபகம் இருக்கப்பா. ஈரமா, ஒரு பக்கம் நசிஞ்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். கோப்பையைக் கழுவி வைத்தாய். குளிர்சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் என் தோளில் தட்டிவிட்டுப் போனாய். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

மகள், அப்படி ஒரு தீப்பெட்டி இருக்கவேயில்லை. அது நான் சொன்ன பொய். நெருப்பு வைத்தது நான். தீப்பெட்டியால் அல்ல, என் காற்சட்டைப் பொக்கற்றில் இருந்த லைட்டரால். இருபத்திரண்டு வருடமாக, நீ எல்லாம் தெரிந்துகொண்டே அப்பாவுக்காக வாய் திறக்காமல் இருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். அதை ஒரு கடனைப் போலக்கூட நினைக்காமல், பிள்ளை நல்ல பிள்ளை என்று நினைத்துச் சும்மா இருந்தேன். நீ மறைக்கவில்லை, நம்பிவிட்டாய். இல்லாத ஒரு தீப்பெட்டியின் ஈரம் உன் விரலில் ஞாபகம் இருக்கிறது. அதை அங்கே வைத்தது நான்.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது என்று எழுத ஆசை. வரவில்லை. அம்மா செத்துப்போன மாரியில் இருந்தே எனக்கு ஒன்றும் சரியாக வருவதில்லை. கையுறை இல்லாமல் பனியில் நின்ற விரல் மாதிரி, இருக்கிறது, ஆனால் தொட்டால் தெரியவில்லை. நீ போன பிறகு எழுந்து சட்டியைக் கழுவினேன். குப்பையைத் தரம் பிரித்தேன், பச்சைப் பைக்குள் சாப்பாட்டு மிச்சம், நீலப் பைக்குள் பிளாஸ்ரிக். ஜன்னலுக்கு வெளியே காடு நின்றது. நான் ஒரு பெரிய பிழை செய்தவன் என்பது ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி போலத்தான் தலைக்குள் இருந்தது. கெட்டவனாக உணர்வதற்குக்கூட ஒரு சூடு வேண்டும் போலிருக்கிறது. ஆகவே உணர்ச்சி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காடு எனக்கு எப்படி அறிமுகமானது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். நான் விட்டுவந்த ஊரில் பற்றைக்குள் காலை வைக்க முதல் யோசிக்க வேண்டும். எந்தப் பக்கம் எவன் நிற்கிறான், எங்கே என்ன புதைத்திருக்கிறான் என்று. இங்கே எல்லிங்ஸ்ருட்டில் வீடு கிடைத்து, கட்டடத்துக்குப் பின்னால் காடு தொடங்குகிறது என்று கண்டபோது எனக்கு முதலில் வந்த கேள்வி, இது ஆருடைய காணி, ஆரிடம் கேட்டுப் போவது என்பதுதான். கீழ் மாடியில் இருந்த நோர்வேஜியக் கிழவரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் உரிமை இருக்கிறது" என்றார். நான் நம்பவில்லை. முதல் வருடம் முழுக்க அடையாள அட்டையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டுதான் நீலப்பழம் பிடுங்கப் போனேன். எதிரே ஆராவது கூடையோடு வந்தால் கை தானாக அட்டையைத் தொடும். அம்மா ஒருநாள், "இஞ்சேருங்கோ, அந்த மானுக்கும் ஒருக்கால் காட்டிப்போட்டு வாங்கோ" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த உரிமையின் மற்றப் பக்கத்தை எனக்குச் சொல்லித் தந்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் இருத்தி வைத்துப் பாடம் எடுப்பாய். கூடாரம் அடித்தால் வீடுகளில் இருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளி. வேலிக் கதவைத் திறந்தால் திரும்பச் சாத்து. பச்சை மரத்தில் கொப்பு முறிக்காதே. கொண்டுபோனது எல்லாம் திரும்ப வர வேண்டும், தோடம்பழத் தோல்கூட. உங்கள் ஆசிரியை சொன்னாவாம், நாங்கள் வந்து போனது அடுத்ததாக வருகிறவருக்குத் தெரியக்கூடாதென்று. அதைத் தமிழில் சொல்ல நீ பட்ட பாடு எனக்கு இன்னும் தெரியும். நாங்கள் ஒரு முழு ஆட்டையும் இரண்டு பானை சோறையும் சுமந்துகொண்டு, பாட்டுப் பெட்டியும் கிரிக்கெட் மட்டையுமாக ஏரிக்கரைக்குப் போகிற ஆட்கள். எங்களை இந்த நாட்டு ஆட்கள் மாதிரித் திருத்தி எடுத்தது நீதான்.

உனக்குப் பத்து வயதான அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு வேலை நாளில் வந்தது. நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற காலம், லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை காட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கொண்டாடுவோம் என்றேன். நீ உடனே ஒரு கடதாசியைக் கொண்டுவந்து நீட்டினாய். புத்தாண்டு பதினாலாம் திகதி. ஏப்ரல் பதினைந்தில் இருந்து செப்டெம்பர் பதினைந்து வரைக்கும் காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டத் தடை. "சனிக்கிழமை தடைக்குள்ளை வந்திடும், அப்பா. கிரில் கொண்டு போகேலாது." நான் சட்டத்தை மதிக்கிறவன் என்று எனக்கே ஒரு எண்ணம். கிரிலை வீட்டில் விட்டேன். சோறும் கறியும் சூட்டுப் பெட்டியில் வந்தன, தேத்தண்ணி பிளாஸ்கில். சர்க்கரைச் சாதம் அம்மா விடிய எழும்பிக் காய்ச்சினாள். பார்த்தாயா, நெருப்பே இல்லாமல் வந்திருக்கிறோம் என்று வழி முழுக்க உன்னிடம் பெருமை அடித்தேன்.

பிறகு காட்டை ஒட்டின அந்தப் புல்வெளியின் ஓரத்தில், தட்டையான கல்லில் சர்க்கரைச் சாதத்தையும் வாழைப்பழத்தையும் வைத்து, மூன்று கட்டி கற்பூரத்தை எடுத்தேன். படைக்காமல் சாப்பிடுகிறதா, அதுவும் வருடப்பிறப்புக்கு. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"அப்பா, கூடாது. தடையெல்லோ."

"இது நெருப்பே? இது கற்பூரம், பிள்ளை. சாமிக்கு."

"எரியுந்தானே, அப்பா."

"மரத்துக்குக் கீழை பார், இன்னும் பனி கிடக்கு. நிலமெல்லாம் ஈரம். பனியுக்கை என்ன பத்தும்?"

நெருப்பு வேறு, கற்பூரம் வேறு என்று என் மண்டைக்குள் இருந்தது. உனக்கு இல்லை. உனக்கு எரிவதெல்லாம் நெருப்பு. நிலத்தைப் பற்றியும் எனக்குத் தெரியாது. கோடையில் காய்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன். பனி உருகின கையோடு, பச்சை முளைக்க முதல், போன வருடத்துச் செத்த புல் மேலால் வைக்கோலாகக் கிடக்கும், அதுதான் இந்த நாட்டில் மிக இலேசாகப் பற்றுவது என்று எனக்குத் தெரியாது. உன் கடதாசியில் அதுவும் எழுதியிருந்தது. நான் வாசித்து முடிக்கவில்லை.

லைட்டரால் கற்பூரத்தைக் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது காற்று அடித்தது. சாதத்தை மூடியிருந்த கடதாசித் துவாய் எழும்பிக் கற்பூரத்தில் விழுந்து, எரிந்துகொண்டே புல்லுக்குள் போனது. நானும் அம்மாவும் கண்ணை மூடியிருந்தோம். நீ மூடவில்லை. "அப்பா, புல்லு!" என்று கத்தினது நீ. பழரசப் போத்தலைத் திறந்து முதல் முதல் ஊற்றினதும் நீ. நான் ஜக்கெட்டைக் கழற்றி அடிக்க, அடிக்கிற காற்றுக்கே அது பரவியது. அம்மா பாயால் அடித்தாள். நீ பாதைக்கு ஓடிப்போய், நாயோடு வந்த ஒரு மனுசியை மறித்து, தீயணைப்பு இலக்கம் நூற்றுப்பத்துக்கு ரெலிபோன் அடிக்கச் சொன்னாய். அந்த இலக்கம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகத்தில் இல்லை. தீயணைப்புக்காரர் வந்து அணைத்தபோது அரைப் பந்து மைதானம் அளவுக்குப் புல்லும், ஒரு வரிசை இளம் பேர்ச் மரங்களும் கறுத்துக் கிடந்தன. ஒரு குருவி அதற்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. கீழே கூடு இருந்திருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

இனித்தான் உனக்குத் தெரியாமல் போன பகுதி. தீயணைப்பு அதிகாரி வந்து, ஆர் கொளுத்தியது என்று கேட்டார். எனக்கு விளங்கியது. பதில் ஒரே ஒரு சொல், "யாய்." நான். மொழி வகுப்பில் முதல் நாள் படித்த சொல். ஆனால் அந்த மாதம்தான் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் போயிருந்தது. பொலிஸ் தண்டம் ஒன்று பதிந்தால் வருடக்கணக்கில் இழுபடும் என்று வேலையிடத்தில் ஒருவர் பயம் காட்டியிருந்தார். யாழ்ப்பாணத்தில் என் அப்பா படுக்கையில் கிடந்தார். அகதிப் பத்திரத்தோடு அங்கே போகேலாது, நோர்வேப் பாஸ்போர்ட் வேண்டும். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். பயந்தேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வரிக்கந்தோர் எல்லா இடத்திலும் எனக்கு மொழிபெயர்ப்பது நீதானே. அதே பழக்கத்தில் உன் பக்கம் திரும்பினேன்.

"தீப்பெட்டியோடை விளையாடினனான் எண்டு சொல்லு, பிள்ளை."

"நான் விளையாடேல்லையே, அப்பா."

"எனக்குத் தெரியும். சும்மா சொல்லு. சின்னப் பிள்ளையளுக்கு ஒண்டும் செய்யமாட்டினம்."

அம்மா, "இஞ்சேருங்கோ, வேண்டாம்" என்றாள். "நீர் பேசாமல் இரும்" என்றேன். நீ எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாய். பிறகு அந்த மனிதரிடம், உன் வழக்கமான தெளிவான குரலில், எனக்காக வரிக்கந்தோரில் கதைக்கிற அதே குரலில், சொன்னாய். அவர் தீப்பெட்டி எங்கே என்று கேட்டார். நெருப்புக்குள் விழுந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன், அதையும் சொன்னாய். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, உன் உயரத்துக்குக் குந்தி இருந்து, ஏதோ மெதுவாகச் சொன்னார். நான் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தாய்.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றியாம், அப்பா."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் வாயால் நடந்தது. சனங்களுக்கு ஒரு கதை வேண்டும், நான் கொடுத்தேன். பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாணம், எங்கே போனாலும் "உங்கட மகள் காடு கொளுத்தினவள் எல்லே" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம், நசிஞ்சுபோன ஈரத் தீப்பெட்டி, அதிலையும் கொளுத்திப்போட்டாள், கெட்டிக்காரி" என்பேன். ஈரமும் நசிவும் அப்படி வந்தவை. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டினேன், நல்லாச் சிரித்தார்கள். நீ ஒரு மூலையில் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். ஆரம்பத்தில் முகம் சிவக்கும். பிறகு நீயும் சிரிக்கத் தொடங்கினாய். அதுதான் நீ நம்பத் தொடங்கிய இடமாக இருக்கவேண்டும். எனக்கு அப்போது தோன்றியது, அப்பாடா, பிள்ளை பகிடியாக எடுத்துக்கொண்டாள் என்பதுதான்.

பாஸ்போர்ட் வந்தது. மறைக்காமல் அதையும் சொல்கிறேன். போய் என் அப்பாவோடு பதினொரு நாள் இருந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டார், முதுகைத் தடவினார். அந்தப் பதினொரு நாளையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்க மாட்டேன், அப்படிப்பட்டவன்தான் நான். ஆனால் அது உன் தலையில் வைத்து வாங்கினது. அம்மாவுக்கு அது தெரியும். அவள் அதைப் பற்றி என்னோடு சண்டை பிடிக்கவே இல்லை. வருடா வருடம் மே மாதம், நான் ஒரு பிளாஸ்ரிக் பையோடு அந்தப் புல்வெளிக்குத் தனியப் போய், ஆரோ போட்ட பியர் ரின்னும், ஒருதரம் பாவித்து எறிந்துவிட்டுப் போன கிரிலும் பொறுக்கிக்கொண்டு வருவேன். பையை வாசலில் கண்டால் அவள், "காட்டைத் துப்பரவாக்கிப்போட்டியள். பிள்ளையிட்டை எப்ப போறியள்?" என்று கேட்பாள். அடுத்த வருடம் என்பேன். அப்படி எத்தனை வருடம் போனது என்று எண்ணவில்லை. இப்போது அந்த வெளியில் எரிந்த அடையாளமே இல்லை, பேர்ச் மரங்கள் என்னைவிட உயரம். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்த ஆட்கள் மூன்று பேர் இருந்தோம். அம்மா போய்விட்டாள். நீ மறந்துவிட்டாய். நானும் வாயை மூடிக்கொண்டே போனால், நீதான் கொளுத்தினாய் என்பது உண்மையாகவே ஆகிவிடும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது. இருந்தாலும் அப்பன், சொல்லாமல் இருக்கேலாது. அந்தப் பதினாறு பிள்ளைகளில் ஏதாவது ஒன்று ஒருநாள் வீட்டில் போய், "அப்பா, அம்மா, இது கூடாது" என்று சொல்லும். நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லும். கேட்காத என்னைப் போன்ற தகப்பன்மாரும் இருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு, நீ சொன்னது சரி என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உனக்கு அன்றைக்கு அப்படி ஒரு ஆள் இருக்கவில்லை. நெருப்புக்குப் பயப்படு, அது நல்லது. தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மூட்டு, மூட்டின இடத்தை விட்டு நகராதே, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போ. ஆனால் உனக்குப் பயப்படாதே. அன்றைக்கு அந்த இடத்தில் சட்டம் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். கண்ணைத் திறந்து வைத்திருந்த ஆள் நீ ஒருத்திதான். தண்ணி ஊற்றினதும் ஆள் கூப்பிட்டதும் நீ. பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக உன்னைவிட நம்பக்கூடிய ஆளை எனக்குத் தெரியாது.

என்னை மன்னி என்று எழுத இங்கே கொஞ்ச இடம் விட்டு வைத்திருந்தேன். எழுதவில்லை. கேட்டால் நீ உடனே தருவாய், அதனால் கேட்கவில்லை. கோபம் வந்தால் வரட்டும். எனக்கு வராததை நீயாவது வைத்திரு. இந்த ஞாயிறு நீ வராவிட்டாலும் சமைப்பேன், உப்பும் போடுவேன்.

கடித உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறது. அது உனக்கில்லை, உன் பார்னஹாகெயின் பொறுப்பாளருக்கு. இருபத்திரண்டு வருடத்துக்கு முதல் அந்தப் புல்வெளியில் நெருப்பு வைத்தது நான், என் மகள் அல்ல, அவளைப் பொய் சொல்ல வைத்ததும் நான் என்று எழுதி, என் பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். மேசையில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பின்னேரம் இருந்து நோர்வேஜிய மொழியில் எழுதினது. பிழைகள் கிடக்கும். திருத்தாதே. இந்த முறை நீ எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அப்பா